கத்தாத பெட்டி

புரட்டாசி 25, வெள்ளி

ஆயுத பூஜை நல்லபடியாக முடிந்தது. நாலரைக்கே எழுந்து நானும் பாப்பாத்தியும் பட்டறை முழுவதையும் கழுவிவிட்டோம். பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் போட்ட தகரக் கொட்டகைதான். இருபத்தேழு வருஷமாக அதில்தான் மாவு கிரைண்டர் பாகங்களை வாங்கிப் பூட்டுகிறோம். மோட்டாரை வெளியில் கொடுத்துக் கம்பி சுற்றி வாங்குகிறோம், கல்லும் வெளியிலிருந்துதான். வேலைக்கு வரும் பாப்பாத்தி பூட்டுவாள், என் வீட்டுக்காரர் அலைந்து விற்பார். சர்க்கரையில் அவருக்குக் கால் புண்ணான பிறகு, ஒன்றரை வருஷமாக டெஸ்ட் போடுவது நான்.

எட்டாவதோடு நின்றவள். டெஸ்ட் பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நாளுக்கு ஒரு பக்கமாகப் படித்து முடித்தேன். சிவப்பு வயர் கிரைண்டரின் பிளக்கில், கறுப்பு வயரின் கிளிப் கிரைண்டரின் எவர்சில்வர் உடம்பில். உள்ளே ஓடும் கரண்ட் உடம்புக்குக் கசிந்தால் பெட்டி கத்தும். கத்தாவிட்டால் 'பாஸ்' சீட்டு ஒட்டி அதில் 'ம' என்று போடுவேன். மயிலாத்தாள் என்று எழுத அதில் இடமில்லை.

மேஜைக்கு அடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்த எரிந்த மோட்டார் ஒன்று வருஷக்கணக்காகக் கிடந்தது. 'கெட்டவன்' என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். காலையில் முதல் வேலையாக அதில் கிளிப்பை மாட்டிப் பெட்டியைக் கத்தவிடுவார். எனக்கும் அப்படியே செய்யச் சொன்னார். பெட்டி சூடேறுவதற்காக இருக்கும். நான் விளக்கேற்றுகிற நேரத்துக்குச் சரியாக அந்த அலறல் வருகிறது என்று ஆடியிலேயே விட்டுவிட்டேன். பெட்டி அதுபாட்டுக்கு வேலை செய்கிறது. எரிந்துபோன சாமான் பூஜையன்று பட்டறையில் கிடக்கக் கூடாது. பழைய இரும்புக்காரர் வந்தார், பாப்பாத்தியை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். மூன்று கிலோ எண்ணூறு கிராம். வீட்டுக்காரர் ஊரில் இல்லை.

எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்தேன். டெஸ்ட் பெட்டியின் வயர்களைப் பிடுங்கி, முகத்தைத் துடைத்து, ஒவ்வொரு துளைக்கும் சந்தனம். கறுப்பு வயர்த் துளையில் கொஞ்சம் தாராளமாகவே விழுந்துவிட்டது. மல்லிகைச் சரம் சுற்றியதும் பெட்டி கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

ஐப்பசி 1, வெள்ளி

பூஜைக்குப் பிறகு இதுவரை பத்தொன்பது கிரைண்டர். பெயில் ஒன்றுகூட இல்லை. தீபாவளி நெருக்கடியில் புது ஆளிடம் சுற்றக் கொடுத்த மோட்டார்கள் இவை. முப்பதுக்கு ஒன்றிரண்டு கத்துவது வழக்கம்.

பாப்பாத்தி சொல்கிறாள்: "அக்கா கைய வச்சா மோட்டாருக்கே பயமுங்க. உள்ள இருக்கற கரண்டு உள்ளயே கம்முனு இருந்துக்குது."

மருதமலை முருகன் அருள். வேறென்ன.

ஐப்பசி 8, வெள்ளி

உளுந்து 2 கிலோ, நல்லெண்ணெய் 1 லிட்டர், விளக்குத் திரி.

பட்டறைக்கே ஒருவர் அவசரமாக வந்து சீருக்கு ஒரு கிரைண்டர் எடுத்துப் போனார். டிரம்மில் பேர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். பாப்பாத்தி மிஷினால் வெட்டினாள்: 'ப. ஞானாம்பிகை – ர. தினகரன். தாய்மாமன் சீர்.' நம்பர் 2207. பெயர்களையும் முகூர்த்தத் தேதியையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். விலாசம் கேட்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

ஐப்பசி 14, வியாழன்

தீபாவளி. மொத்தம் ஐம்பத்தெட்டு. பெயில் இல்லை. கால் வீங்கியிருக்கிறது, அவருக்கு அல்ல, எனக்கு.

ஐப்பசி 17, ஞாயிறு

சஷ்டி விரதம் இரண்டாம் நாள். பாலும் பழமும்.

சரவணம்பட்டியிலிருந்து திலகவதி என்று ஒரு பெண் போன் செய்தாள். வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கிறவள். போன மாதம் கடையில் நம் கிரைண்டர் வாங்கினாளாம்.

"அக்கா, மாவு தள்ளி உடறப்ப சுள்ளுனு இழுக்குதுங்க."

"ஈரக் கையோட தொட்டிருப்ப அம்மணி. ரப்பர் செருப்புப் போட்டுட்டு அரை. வீட்டு எர்த் சரியா இருக்குதான்னு ஒயர்மேனைப் பாக்கச் சொல்லு."

சரிங்க அக்கா என்று வைத்துவிட்டாள். வாடகை வீடுகளில் எர்த் இழுப்பதே இல்லை, நாம் என்ன செய்ய முடியும்?

ஐப்பசி 19, செவ்வாய்

திலகவதியைத் தூக்கி அடித்துவிட்டது.

அவள் புருஷன் கிரைண்டரை டெம்போவில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். கத்தவில்லை, திட்டவில்லை. "சுவத்துல போயி விழுந்துட்டாளுங்க. மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. ரெண்டு விரலு மரத்துக் கெடக்குது," என்று மட்டும் சொன்னான். நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னதற்கும் நின்றுகொண்டே இருந்தான்.

நான் பெட்டியை மாட்டினேன். சத்தமில்லை. மறுபடியும் மாட்டினேன். சத்தமில்லை.

"பாருங்க, நம்ம சாமானுல ஒண்ணுமில்லீங்க. வீட்டு வயரிங்தான்," என்று நான் சொன்னதும் உண்மை. எழுதி வைக்கிறேன்.

அவர் எர்த் இல்லாத பிளக்கில் கிரைண்டரைச் சொருகி, மின்சாரம் பார்க்கும் ஸ்குரூடிரைவரை எடுத்து டிரம்மில் வைத்தார். பிடிக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரிந்தது. பொட்டு மாதிரி, சிவப்பாக.

திலகவதியின் புருஷன் அந்த விளக்கையும் பார்த்தான், டிரம்மில் ஒட்டியிருந்த 'பாஸ் – ம' சீட்டையும் பார்த்தான்.

ஐப்பசி 20, புதன்

பெட்டிக்கு வயசாகிவிட்டது என்கிறார் அவர். இருபத்தேழு வருஷம் உழைத்தது, செவிடாகிவிட்டது என்கிறார். மாற்றுப் பெட்டி உடனே தேட வேண்டும். அதுவரை ஒரு கிரைண்டரும் வெளியே போகாது. போனவை ஐம்பத்தெட்டு. அவற்றில் எத்தனை கெட்டவை என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. ஸ்குரூடிரைவர் விளக்கை நம்பி நல்லது என்று சொல்ல முடியாதாம், கொஞ்சக் கசிவுக்கு அது எரியாதாம்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனில் உட்கார்ந்தேன். "கிரைண்டரைத் தொடாதீங்க, பிளக்கைப் பிடுங்கி வையுங்க, நாங்க வந்து பாக்கறோம்." மாலைக்குள் முப்பத்திரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன்.

இடையில் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "கெட்டவன் எங்க புள்ள?"

"சுத்தம் பண்றப்ப எங்கியாச்சும் நவுத்தி வெச்சிருப்போமுங்க," என்றேன்.

பாப்பாத்தி கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

ஐப்பசி 21, வியாழன்

சூரசம்ஹாரம். மலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

திலகவதிக்கு முப்பது வயசுகூட இருக்காது. வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த விரல்களில் இரண்டை நான் தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். உரித்துக் கொடுத்தேன்.

"எர்த் சரியில்லாத வீடுன்னு…" என்று ஆரம்பித்தேன்.

"செருப்புப் போட்டுட்டுத்தானுங்க அக்கா அரைச்சேன்," என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்டாள் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலச் சொன்னாள்.

இன்றோடு விரதம் முடிய வேண்டும். இன்றும் பாலும் பழமும்தான்.

ஐப்பசி 23, சனி

மாற்றுப் பெட்டி பார்க்க அவரோடு வேனில் போனேன். மூடிய மில்களில் ஏலம் எடுத்த கருவிகளை விற்கிற லாரன்ஸ் என்பவரின் குடோன். கூரை வரைக்கும் அடுக்கிய பெட்டிகள், முள் செத்த மீட்டர்கள். அவற்றின் நடுவில் பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது.

லாரன்ஸ் ஒரு பச்சைப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். "ஜெர்மன் சாமானுங்கண்ணா. இப்ப எல்லாம் இந்த மாதிரி வராது." தன் மேஜை விசிறியில் மாட்டிக் காட்டினார். பெட்டி சும்மா இருந்தது. "பாத்தீங்களா? எவ்வளவு அமைதி!"

அவர் வேனிலிருந்து திலகவதியின் கிரைண்டரிலிருந்து கழற்றிய மோட்டாரைத் தூக்கி வந்தார். அதில் மாட்டச் சொன்னார். பச்சைப் பெட்டி அப்போதும் சும்மா இருந்தது.

"அமைதியா இருக்கறதுதாங்க இங்க பிரச்சினையே," என்றார் அவர்.

லாரன்ஸ் சிரித்தார். "அண்ணன் கெட்ட மோட்டாரையே கையோட கொண்டாந்துட்டாரு. வெவரமான ஆளுதான்."

"அது இல்லாம பெட்டியைப் பாக்கறது எப்படிங்க? கெட்டதைப் பாத்துக் கத்துனாத்தான் பெட்டி. கெட்டதுக்கே கத்தாததை வெச்சுட்டு நல்லதை எப்படி நல்லதுன்னு சொல்றது?"

இன்னும் இரண்டு பெட்டி பார்த்தோம். ஒன்று எதைத் தொட்டாலும் கத்தியது. ஒன்றில் பல்லி முட்டை.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குத் தலைவலி. அவர் கேட்டதற்கு வெயில் என்றேன்.

ஐப்பசி 25, திங்கள்

கணபதி ஏரியாவில் கருவிகளைச் சரிபார்க்கிற ஆய்வகம் இருக்கிறதென்று யாரோ சொல்லி, அங்கிருந்து ரெஹானா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். முதுகில் பை, பைக்குள் ஒரு சின்னப் பெட்டி. இருபத்தைந்து வயசிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். பட்டறைக்குள் யாரும் அப்படிச் செய்வதில்லை.

"தினமும் எதை வெச்சுங்க செக் பண்ணுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "ஒரு கெட்ட மோட்டார் இருந்துச்சு. இப்பக் காணோம்."

"எப்ப இருந்துங்க காணோம்?"

அவருக்குத் தெரியாது. நான் மேஜையைத் துடைத்தேன். அவர் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார்.

ரெஹானா பெட்டியின் வயர்களைப் பிடுங்கினாள். கறுப்பு வயரின் முளையைத் திருப்பிப் பார்த்தாள். துளைக்குள் டார்ச் அடித்தாள். ஹிஜாபில் குத்தியிருந்த ஊசி ஒன்றை எடுத்து உள்ளே விட்டுச் சுரண்டினாள். மஞ்சளாக, காய்ந்து போன பொருக்கு ஒன்று உதிர்ந்து மேஜையில் விழுந்தது. அவள் அதை விரலில் ஒற்றி முகர்ந்து பார்த்தாள். எனக்கும் வாசனை வந்தது.

"சந்தனமுங்களா அம்மா?"

தலையாட்டினேன்.

"முளை உள்ள போகவே இல்லீங்க. கிளிப்பை எதுல மாட்டுனாலும் பெட்டிக்குச் சேதி வந்திருக்காது." துடைத்துவிட்டு வயரைச் சொருகி, திலகவதியின் மோட்டாரில் கிளிப்பை மாட்டினாள். பெட்டி அலறியது. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று அந்தச் சத்தம் கேட்டு.

வாசலில் டீயோடு அவர் நின்றிருந்தார். "அட, கத்துதே!"

"அடைப்பு இருந்துச்சுங்க. எடுத்துட்டேன்."

"வயசானா அப்படித்தான் அடைச்சுக்கும்," என்றார் அவர், தன் மார்பைத் தட்டிக்கொண்டு.

அவள் என்னைப் பார்த்தாள். நான் டீயை எல்லோருக்கும் ஊற்றினேன்.

போகும்போது வாசலில் செருப்பைப் போட்டபடி மெதுவாகச் சொன்னாள்: "அடைப்புன்னு ரிப்போர்ட்ல எழுதிக்கறேன். என்ன அடைப்புன்னு நீங்க சொல்லிக்கோங்கம்மா."

எப்படியிருந்தாலும் பழைய பெட்டி இனி ஆகாதாம். முள் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டுகிறதாம், உதிரிபாகம் எங்கும் கிடையாதாம். புதிதாக வருகிறவை கிளிப் சரியாகப் பொருந்தாவிட்டால் டெஸ்ட்டே போடாதாம். புதிது வரும்வரை தன் சின்னப் பெட்டியை விட்டுப் போயிருக்கிறாள்.

வெள்ளி வேல் சாத்துவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து அவரிடம் கொடுத்தேன், புதுப் பெட்டிக்கு. "வேண்டுதலுக்கு வெச்சதை ஏன் புள்ள குடுக்கற?" என்றார்.

முருகன் பொறுத்துக்கொள்வான் என்றேன்.

ஐப்பசி 29, வெள்ளி

நாலு நாளாக வேனில் வீடு வீடாக. கடைகளில் விற்காமல் இருந்தவை இருபத்தொன்று, அவை சுலபம். மீதிக்குச் சமையலறை சமையலறையாகப் போகிறோம். எல்லா வீட்டிலும் முதலில் உட்காரச் சொல்கிறார்கள், விஷயத்தைச் சொன்னதும் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. கோவில்பாளையத்தில் ஒரு அம்மா, "நாங்க செத்திருந்தா உங்க ரிஜிஸ்டர்ல என்னனு எழுதியிருப்பீங்க?" என்று கேட்டார்.

திலகவதியுடையதை விட்டு இன்று வரை ஐம்பத்தாறு பார்த்தாயிற்று. இரண்டு கத்தின. ஒன்று பாலர் பள்ளிச் சமையலறையில் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

பாக்கி ஒன்றுதான். 2207. தாய்மாமன் சீர்.

கார்த்திகை 4, செவ்வாய்

பதிவேட்டில் மணமக்கள் பெயரும் முகூர்த்தத் தேதியும் இருக்கின்றன. கல்யாண மண்டபங்களுக்கு வரிசையாகப் போன் செய்தேன். பதினாறாவது மண்டபத்தின் மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பெண்ணின் அப்பா நம்பரைக் கொடுத்தார்.

பெண்ணின் அப்பா போனில் சிரித்தார். "அது அட்டைப் பெட்டியே பிரிக்கலீங்க. மாப்பிள்ளை ஊட்டுல பரண்ல இருக்குது. வெள்ளிக்கிழமை தனிக்குடித்தனம் வெக்கறோம், துடியலூருல. பால் காய்ச்சற அன்னைக்கு மொத மொதல்ல அதுலதான் மாவாட்டறது."

எடுக்க வேண்டாம் என்றேன். அதற்குமுன் நாங்கள் பார்க்க வேண்டும் என்றேன். "சம்பந்தியம்மாகிட்டச் சொல்றேனுங்க" என்றார். அவர் குரலிலேயே தெரிந்தது, சொல்ல மாட்டார். சீர்ச் சாமானில் குறை என்று எந்தப் பெண்வீட்டார் சொல்வார்கள்?

கார்த்திகை 6, வியாழன்

மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. பெண்ணின் அப்பாவைப் பதினொரு தடவை கூப்பிட்டபின் பொழுதோடு தெருப் பெயரைச் சொன்னார். நாளைக் காலை நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை.

கார்த்திகை 7, வெள்ளி

எட்டு மணிக்கு வேனில் கிளம்பினோம். பின்னால் ரெஹானாவின் பெட்டி, அதன் பக்கத்தில் திலகவதியின் மோட்டார். எங்கே போனாலும் அவர் அதைக் கூடவே தூக்கி வருகிறார். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அதில் கத்தவிட்டுத்தான் அந்த வீட்டுக் கிரைண்டரைத் தொடுகிறார்.

ரயில்வே கேட்டில் நின்றோம். அவர் சொன்னார்: "பாவம் அந்தப் பழைய பெட்டி. நம்மகூடவே வயசாகி, சொல்லாமக் கொள்ளாம…"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மாமா, பெட்டிக்கு ஒண்ணுமில்லீங்க. நான் வெச்ச சந்தனம் துளைக்குள்ள காஞ்சு போச்சு. அந்தப் புள்ள ஊசியில எடுத்துச்சு. நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க."

அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டவனைக் காலையில தொடறதையும் ஆடியிலயே உட்டுட்டேன். ஆயுத பூசை அன்னைக்கு அவனை எடைக்குப் போட்டேன். எரிஞ்ச சாமான் ஆகாதுன்னு."

ரயில் போயிற்று. கூட்ஸ். நாற்பத்திரண்டு பெட்டி. கேட் தூக்கினார்கள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் கியர் போட்டார். தண்டவாளத்தைத் தாண்டியபின் சொன்னார்.

"சந்தனம் தெரியாம வெச்ச. அவனை எதுக்குத் தொடறதுன்னு நானும் உனக்கு வெவரமாச் சொல்லல, அது என் தப்பு. ஆனா அன்னைக்கு, கெட்டவன் எங்க புள்ளன்னு நான் கேட்டனே."

அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால் தேவலை.

தெருவில் தேடி அந்த வீட்டுக்குள் நுழையும்போது மணி பத்து. வாசலில் மாவிலை. சமையலறையில் பால் பொங்கி வழிந்த வாசனை. கிரைண்டர் தரையில் கோலத்தின் மேல் இருந்தது, டிரம்மில் சந்தனமும் குங்குமமும், கழுத்தில் மல்லிகைச் சரம். அந்தப் பெண் ஞானாம்பிகை, பட்டுப் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஊறிய உளுந்தை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கல்லுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தண்ணீர் சொட்டியது. மாமியார் சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தார்.

நான் நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"யாருங்க நீங்க? நல்ல நேரத்துல வந்து என்ன பண்றீங்க?" என்றார் மாமியார்.

டிரம்மின் ஓரத்தில் சீட்டு இருந்தது. அதைக் காட்டினேன். "இதுல பாஸ்னு போட்டிருக்கறது நானுங்க. டெஸ்ட் பண்ணாமப் போட்டுட்டேன். ஒருத்திக்குக் கை போச்சு. இப்பப் பாக்கோணுமுங்க."

கூடம் முழுவதும் ஒரம்பரை, இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களும். பெண்ணின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாய்மாமன் என்று நினைக்கிறேன், அன்றைக்கு ஆட்டோவில் வந்தவர்தான், எழுந்து நின்று பிறகு உட்கார்ந்தார். "சீருக்குக் கொடுத்ததே ஷாக் அடிக்கிற சாமானா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"சீக்கிரம் பாத்துட்டுக் கெளம்புங்க. பத்தரைக்கு ராகு," என்றார் மாமியார்.

அவர் பெட்டியை வைத்தார். கிளிப்பை நேராகக் கிரைண்டரில் மாட்டப் போனார். ராகு அவசரம், காலையில் சாப்பிடவும் இல்லை. நான் தடுத்தேன்.

"மொதல்ல அதுங்க," என்றேன். வேனிலிருந்து நானே போய்த் திலகவதியின் மோட்டாரைத் தூக்கி வந்தேன். எடை எனக்குத் தெரியும். மூன்று கிலோ எண்ணூறுக்குக் குறையாது.

"அய்யோ, பால் காய்ச்சற ஊட்டுக்குள்ள கெட்டுப் போனதை எதுக்குக் கொண்டாறீங்க?" மாமியார் குறுக்கே வந்தார். "அந்தச் சாமான் உள்ள வரக் கூடாது."

"வரோணுமுங்க. இது கத்துனாத்தான் உங்க கிரைண்டரைப் பத்தி நான் சொல்ற வார்த்தைக்கு அர்த்தமுங்க. இல்லாட்டி அன்னைக்கு மாதிரியேதான் இன்னைக்கும்."

கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வைத்தேன். கிளிப்பை மாட்டினேன். வீடு முழுக்க அலறியது. ஒரு குழந்தை அழுதது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டு சுவாமி படத்தின் பக்கம் திரும்பினார். நான் இரண்டாவது தடவையும் கத்தவிட்டேன். ரெஹானா இரண்டு தடவை செய்யச் சொல்லியிருந்தாள்.

பிறகு 2207இல் மாட்டினேன். சிவப்பு வயர் பிளக்கில், கிளிப் டிரம்மில், குங்குமத்தைத் துடைத்துவிட்டு.

பெட்டி சும்மா இருந்தது. ஒரு நிமிஷம் வைத்திருந்தோம். சும்மா இருந்தது.

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. நல்ல கிரைண்டர். ஆரம்பத்திலிருந்தே நல்ல கிரைண்டர்தான்.

"அப்ப ஒண்ணுமில்லைதானுங்க?" மாமியாருக்கு இப்போதுதான் கோபம் முழுதாக வந்தது. "ஒண்ணுமில்லாததுக்கா இந்தக் கூத்து? நல்ல நேரமே போச்சு. இந்தப் புள்ளையோட வாழ்க்கையில மொத நாளு இது."

மணி பத்து இருபது. பழைய சீட்டைக் கிழித்துப் புதுச் சீட்டு ஒட்டினேன். 'மயிலாத்தாள்' என்று முழுதாக எழுதினேன். எழுத்து சீட்டுக்கு வெளியே டிரம்மில் ஏறிவிட்டது.

வாசல்வரை ஞானாம்பிகை வந்தாள். கையில் இன்னும் உளுந்து ஒட்டியிருந்தது. "கை போச்சுன்னு சொன்னீங்களே, அவங்க எங்க இருக்கறாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் சாப்பிட ஓட்டலில் நிறுத்தினார். எனக்கும் சேர்த்துத்தான் இட்லி சொன்னார்.

கார்த்திகை 10, திங்கள்

திலகவதியின் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், சந்தனத்தையும், எடைக்குப் போட்டதையும், எர்த் மேல் பழி போட்டதையும். அவள் இடது கையால் வெங்காயம் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"உங்க சீட்டைப் பாத்துத்தான் வாங்கினதுங்க," என்றாள். "பொம்பளை பேருன்னு கடைக்காரர் சொன்னாரு. பொம்பளை பாத்தா சரியாப் பாத்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. விரல் சரியாக மூன்று மாதமும் ஆகலாம், சரியாகாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதுவரைக்கும் அவள் வாடிக்கைகளுக்கு மாவு நான் அரைத்துத் தருகிறேன் என்றேன். யோசித்தாள். "உப்பு நான்தான் போடுவேன்," என்றாள்.

நாளை முதல் அரிசி எட்டுப் படி, உளுந்து இரண்டு படி. ஏழு மணிக்குள் சரவணம்பட்டி.

கார்த்திகை 14, வெள்ளி

மாவு கொடுத்தேன். அவர் இன்னும் என்னோடு வேலைக்கு வேண்டிய வார்த்தைதான் பேசுகிறார்.

பாப்பாத்தியிடம் கேட்டேன், இரும்புக்காரரிடம் அன்றைக்குத் தூக்கிக் கொடுத்தது நீதானே, ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று. "நீங்க சொல்லுவீங்கன்னுதானுங்க அக்கா இருந்தேன்," என்றாள். "ஒரு மாசம் இருந்தேன்."

கார்த்திகை 18, செவ்வாய்

புதுப் பெட்டி வந்தது. ரெஹானாவே கொண்டுவந்து மாட்டிக் காட்டினாள். சாம்பல் நிறம், முள்ளுக்குப் பதில் எண்கள். பழையதைத் துடைத்து அலமாரியில் ஏற்றினேன். இரும்புக்காரர் தெருவில் கூவிக்கொண்டு போனார். கூப்பிடவில்லை.

அவள் போன பிறகு, அவர் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்து தரையில் உட்கார்ந்தார். திலகவதியின் மோட்டாருக்குப் பெயிண்ட் அடித்தார். கால் புண்ணோடு தரையில் உட்காரக் கூடாது, சொன்னால் கேட்க மாட்டார். காய்ந்ததும் மேஜைக்கு அடியில் பழைய இடத்திலேயே வைத்தார்.

"புள்ள," என்றார். பதினொரு நாளைக்குப் பிறகு. "இவன் இங்க இருக்கறான். பாத்துக்க."

பெட்டிக்குப் பொட்டு வைக்கவில்லை. மேலே சுவரில், பெட்டிக்கு எட்டாத உயரத்தில், முருகன் படம் மாட்டி அதற்கு வைத்தேன்.

கார்த்திகை 19, புதன்

ஆறு மணிக்குக் குளித்துவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். கிளிப்பைச் சிவப்பு மோட்டாரில் மாட்டினேன். கத்தியது. இரண்டாவது தடவையும் கத்தியது. அதற்கப்புறம்தான் வீட்டுக்குள் வந்து விளக்கேற்றினேன்.

மாவு எட்டுப் படி, இரண்டு படி, கொடுத்தாயிற்று.

கெட்டவன்: இரண்டு தடவை. சரி.
டெஸ்ட் போட்டது: நான்கு.
பெயில்: ஒன்று.

முருகா, ஒன்று.